லிஃப்ட்காரர் ஊர் சுற்றிப் பார்க்கிறார்

ஏப்ரல் 6

ராங்கிக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய். படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வந்து சேர்ந்ததும் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் எடுத்தாய், வாயைத் திறக்கவில்லை. உன் மூச்சுச் சத்தமும் பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தமும்தான் கேட்டன. மிக்ஸி ஓடுகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு போனையே அணைத்துவிட்டாய்.

இது நான் எழுதும் முதல் கடிதம். சிரிக்காதே. அறுபத்தேழு வயதில் ஒருவன் முதல் கடிதத்தைத் தன் பெண்டாட்டிக்கு எழுதுகிறான் என்றால் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். முதியோர் சாயங்கால வகுப்பில் வாத்தியாரம்மா எங்களுக்கு விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தார். 'காய்ச்சல் காரணமாக' என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். காய்ச்சல் இல்லை. கோபம் காரணமாக என்று எழுதலாம், அதுவும் என் கோபம் இல்லை.

இந்த ஊரில் ஒரு வேடிக்கை. வாழ்நாள் முழுக்க எழுத்துத் தெரியாமல் இருந்துவிட்டு, இப்போதுதான் கடைப் பலகை, பஸ் பலகை எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு திரிந்தேன். உனக்கே மானம் போகும். இங்கே வந்து இறங்கிப் பார்த்தால் எல்லாப் பலகையிலும் பூச்சி ஊர்கிற மாதிரி வேறு எழுத்து. மறுபடியும் தற்குறி ஆகிவிட்டேன். ஆனால் என்னோடு வேலைக்கு வந்த எஞ்சினீயர் தம்பியும் வெல்டரும்கூட எனக்குச் சமம்தான். மூன்று பேரும் பொம்மையைப் பார்த்து சோப்பு வாங்கினோம். துணி சோப்பு. அதில்தான் குளிக்கிறோம்.

டூர் பஸ்ஸில் நமக்கு இரண்டு சீட்டு போட்டுவிட்டு, கிளம்ப நாலு நாள் இருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவனை என்ன சொல்வது என்று வாசலில் நின்று கேட்டாய். கம்பெனி கூப்பிட்டது, போனேன். இனிமேல் லிஃப்ட் குழியில் இறங்க மாட்டேன் என்று சொன்னவனும் நான்தான், மறுக்கவில்லை. டிக்கெட்டை ரத்து செய்திருப்பாய். அடுத்த வருஷம் போகலாம்.

ஒன்று சொன்னால் சந்தோஷப்படுவாய். இங்கே வேலையே இல்லை. பதினொரு மாடி ஆஸ்பத்திரிக் கட்டிடம், நடுவில் வெறும் குழி. நான் மாட்ட வேண்டிய சாமான் எல்லாம் கப்பலில் வேறு ஏதோ துறைமுகத்தில் நிற்கிறதாம். "போய் ஊர் சுத்திப் பாருங்க பெரியவரே" என்கிறார் எஞ்சினீயர் தம்பி.

எனக்கு அது எப்படி என்று தெரியவில்லை. நான் எத்தனை ஊர் போயிருக்கிறேன்! திரும்பி வந்ததும் "அங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்பாய். "அங்க என்ன இருக்கு, நம்ம ஊர் மாதிரிதான்" என்பேன். பார்த்ததையெல்லாம் ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தாய். நான் பார்த்ததெல்லாம் குழியின் நாலு சுவர்தான். அது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

இதை எழுத இரண்டு சாயங்காலம் ஆயிற்று. பதில் போடு.

உன் வீட்டுக்காரன்

*

ஏப்ரல் 17

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து பரவாயில்லை. வரிதான் நேராக நிற்காமல் மேலே மேலே ஏறுகிறது. லிஃப்ட்காரர் எழுதினால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

நான் எட்டாவது வரை படித்தவள். நாற்பத்தொரு வருஷமாக இந்த வீட்டுக்கு வந்த கரண்ட் பில்லையும் கல்யாணப் பத்திரிகையையும் உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். என் பேருக்கு ஒரு கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. என் பேர் என்றால் என் பேரா? உறையின் மேல் 'ராங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான மறுவாரம் நீங்கள் வைத்த பட்டப்பேர் தபால்காரருக்கு எப்படித் தெரியும்? "இந்த வீட்ல ராங்கி யாருங்க?" என்று தெருவே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். பக்கத்து வீட்டம்மா என் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. போய்விட்டு வந்தேன்.

தனியாகத்தான். மலை, அப்புறம் கடல், ஏழு நாள். போன் அணைந்திருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. சார்ஜர் வீட்டில் இருந்தது.

அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்பீர்கள். அங்கே என்ன இருக்கிறது? நம்ம ஊர் மாதிரிதான்.

எப்படி இருக்கிறது, கேட்பதற்கு?

மகள் போன் செய்து "அப்பாகிட்ட பேசும்மா, பாவம்" என்றாள். "எழுதுறேன்டி, அது போதும்" என்றேன். உங்களுக்கு வேலை இல்லை, ஊர் சுற்றுகிறீர்கள். சரி. நீங்கள் பார்த்த ஒன்றை ஒழுங்காக எழுதுங்கள். நன்றாக இருந்தால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சும்மா எதுவும் கிடைக்காது.

துணி சோப்பில் குளிக்காதீர்கள். தோல் உரியும்.

பேசாதவள்

*

ஏப்ரல் 27

ராங்கி,

தனியாகவா?

இரண்டு நாளாக வெல்டரிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்க வீட்ல தனியா டூர் போயிட்டா தம்பி." கடைசியில் அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணே, நீங்க இத பெருமையா சொல்றீங்களா, புகாரா சொல்றீங்களா?" எனக்கே தெரியவில்லை.

நீ கேட்டபடி ஒன்றைப் பார்த்துவிட்டேன். அசந்துபோவாய்.

ஆற்றங்கரையில் ஒரு டவர் இருக்கிறது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதன் மேலேதான் ஏறுகிறார்கள். நானும் வெல்டரும் வரிசையில் நின்றோம். உள்ளே போனால், அடேயப்பா, என்ன லிஃப்ட்! கதவு மூடுகிற சத்தமே இல்லை. மூடிய பிறகுதான் மூடியது தெரிகிறது. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. காதை வைத்தேன், காற்று மட்டும் உஸ்ஸென்றது. என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து தரையில் வைத்தேன். அத்தனை உயரம் ஏறி நிற்கும்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. லிஃப்ட்டில் நின்ற பெண் என்னைப் பார்த்த பார்வையில் நீதான் நிற்கிறாயோ என்று பயந்துவிட்டேன்.

மேலே போனதும் எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் ஓடவில்லை. மெஷின் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு மெக்கானிக். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. அவர் கையில் கிரீஸ், என் நகக்கண்ணில் கிரீஸ். வாங்க என்கிற மாதிரி தலையை அசைத்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், குழந்தையின் வயிறு மாதிரி வெதுவெதுப்பு. அவர் ஒரு கயிற்றைக் காட்டுவார், நான் "ஆஹா" என்பேன். நான் ஒரு சக்கரத்தைக் காட்டுவேன், அவர் அவருடைய "ஆஹா"வைச் சொல்வார். காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் கீழே அனுப்பும்வரை பேசிக்கொண்டே இருந்தோம்.

இப்போது உன் முறை. மலையில் என்ன பார்த்தாய்?

உன் வீட்டுக்காரன்

*

மே 6

உங்களுக்கு,

அவ்வளவு உயரத்துக்குப் போய்ச் சுவரைத் தடவிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஊர் எங்கே? ஆறு எந்தப் பக்கம் வளைகிறது? வீட்டுக் கூரை என்ன நிறம்? மேலே ஓடினவர்கள் எதைப் பார்த்துக் கையை நீட்டினார்கள்? ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கல்யாண வீட்டுக்குப் போயி பந்தக்காலை எண்ணிட்டு வந்த கதையா இருக்கே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இது செல்லாது. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மறுபடி போங்கள். ஏறுவது, இறங்குவது, சுற்றுவது, இழுப்பது எதையும் பார்க்காதீர்கள். ஓர் இடத்தில் உட்காருங்கள். மனிதர்களைப் பாருங்கள்.

ராங்கி

(தபால்காரர் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். இனி மாற்றிப் பயனில்லை.)

*

மே 17

ராங்கி,

நீ சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த டவரில் ஜன்னல் இருந்ததா என்றுகூட நினைவில்லை. வெல்டரிடம் கேட்டேன். "நாலு பக்கமும் கண்ணாடிதான் அண்ணே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினேன். கடைத்தெருவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பார்ப்பது லேசான வேலை இல்லை. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை வேறு சும்மா இருக்கிறது. பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனையோ வருஷப் பழக்கம் போல உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எதிரே ஒரு துணிக்கடை. பெரிய கண்ணாடி, ஆள் உயரத்துக்கு மேல். தெருப் பக்கம் ஒரு பொம்பளை நீண்ட துடைப்பானை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கடைக்காரம்மா. துடைத்து முடிந்ததும் கடைக்காரம்மா ஓர் இடத்தில் விரலை வைத்தாள், இங்கே கறை என்று. வெளியே இருந்தவள் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. அவள் உள்ளே கையைக் காட்டினாள், அது உன் பக்கம் என்று. கடைக்காரம்மா தலையை ஆட்டினாள், இல்லை, உன் பக்கம்தான் என்று. இரண்டு பேரும் பேசுகிறார்கள், வாய் மட்டும் அசைகிறது, ஒருத்தி சொல்வது மற்றவளுக்குக் கேட்கவில்லை. இவள் கையை இடுப்பில் வைத்தாள். அவளும் வைத்தாள். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒரே சண்டை.

கடைசியில் கடைக்காரம்மா கோபமாகத் தன் முந்தானை மாதிரி இருந்த துணியால் உள்பக்கம் ஒரு தேய் தேய்த்தாள். கறை போய்விட்டது! அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வெளியே இருந்தவள் துடைப்பானைத் தோளில் வைத்துக்கொண்டு தளபதி மாதிரி நின்றாள். அடுத்த நிமிஷம் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே இன்னோர் இடத்தில் விரலை வைத்தாள். அது வெளிப்பக்கம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அங்க பாரு, அங்க பாரு!" என்று பக்கத்தில் கையால் தட்டினேன். தட்டின பிறகு பார்த்தால் அது தொப்பிக்காரரின் தொடை. நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை, ஆனால் நான் காட்டின பக்கம் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர்.

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. அந்தக் கறைச் சண்டையை முதலில் தனியாகத்தான் பார்த்தேன். யாரிடமாவது காட்டிய பிறகுதான் அது முழுசாகப் பார்த்த மாதிரி ஆயிற்று. இது செல்லுமா, செல்லாதா?

உன் வீட்டுக்காரன்

*

மே 27

உங்களுக்கு,

செல்லும்.

பக்கத்து வீட்டம்மா கேட்பதற்கு முன்னால் நானே இரண்டு தடவை படித்துவிட்டேன். சரி, சொன்ன சொல்லுக்கு நான் பார்த்த ஒன்று.

மலைப் பாதையில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி. அதன் முதுகு நிறைய ராட்டினத்து மரக்குதிரைகள். ஏதோ பொருட்காட்சிக்குப் போகின்றன போல. எல்லாக் குதிரையும் பின்பக்கம் பார்த்துக் கட்டியிருந்தது. அதாவது எங்களைப் பார்த்து. முந்திப் போக இடமில்லாத பாதை. மேலே போகிறவரை அந்தக் குதிரைகள் காலைத் தூக்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, எங்கள் பஸ்ஸை இழுத்துக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது. வளைவில் எல்லாம் ஒரே நேரத்தில் தலையை ஆட்டும். பஸ்ஸில் இருந்த வயசானவர்கள் எல்லோரும் கையசைத்தோம். லாரி பிரிந்து போனபோது ஒருவருக்கும் மனசே இல்லை.

இதை நான் பார்க்காமலே போயிருப்பேன். முதல் இரண்டு நாள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. உங்கள் சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு அதைக் காவல் காத்தேன். டூர்க்காரர் "சார் வரலையாம்மா?" என்றார். "சார் இதைவிடப் பெரிய டூர் போயிருக்காரு" என்றேன். அந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு வீம்பு. மூன்றாம் நாள் பின் சீட்டில் ஓர் அம்மாவுக்குக் குமட்டல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். அவரை முன்னால் கூட்டி வந்தார்கள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நர்ஸம்மாதான் என் கையைப் பிடித்து "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்றார். அவருக்கு எதைக் கண்டாலும் அப்படித்தான். குதிரை, பனி, பாலத்துக்கு அடியில் தூங்குகிற மனிதன், எல்லாவற்றுக்கும் என் கையில் ஒரு கிள்ளு.

உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். நாற்பத்தொரு வருஷத்தில் நீங்கள் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரின் தொடைக்குக் கிடைத்திருக்கிறது.

குறையாகச் சொல்லவில்லை. குறைதான்.

ராங்கி

*

ஜூன் 14

ராங்கி,

நல்ல சேதி. இரண்டு நல்ல சேதி.

சாமான் வந்துவிட்டது. வேலை மளமளவென்று ஓடுகிறது. அதனால்தான் எழுதவில்லை, கை முழுக்க எண்ணெய். லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தைக் குழிக்குள் ஏழாவது மாடி வரை ஏற்றிவிட்டோம்.

இரண்டாவது. வேலை முடிந்த பிறகும் ஒரு வருஷம் இந்த லிஃப்ட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமாம். "நீங்களே இருங்க பெரியவரே. குழியில இறங்க வேண்டாம், மேற்பார்வைதான்" என்றார் எஞ்சினீயர் தம்பி. சரி என்று சொல்லிவிட்டேன். நீயும் வா! வீட்டம்மாவைக் கூட்டி வர கம்பெனியே டிக்கெட் போடுமாம். அறை இருக்கிறது, இரண்டு ஜன்னல். வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த மாசம் கிளம்பி வா. பகலில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன், நீ ஓய்வாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊர் சுற்றுவோம். அந்தத் துணிக்கடைப் பெஞ்சில் உன்னை உட்கார வைக்கிறேன். டவருக்கும் போவோம், சத்தியமாகச் சுவரைத் தொட மாட்டேன். எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. பார்க்கவே தெரியாமல் இருந்தவனுக்குக் கண் திறந்த மாதிரி இருக்கிறது.

எல்லாம் நினைத்து வைத்துவிட்டேன். நீ பெட்டியைக் கட்டினால் போதும்.

உன் வீட்டுக்காரன்

*

ஜூன் 22

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். நீ வா. வீட்டை ஒப்படை. பெட்டியைக் கட்டு. எல்லாம் நினைத்து வைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கிறீர்கள். ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை.

டூருக்கு நாலு நாள் முன்னால் "கம்பெனி கூப்பிடுது, கிளம்புறேன்" என்று சொன்னீர்களே, அதே குரல்தான். அப்போது என்னை விட்டுவிட்டுப் போனீர்கள், இப்போது கிளம்பி வரச் சொல்கிறீர்கள். இரண்டிலும் நான் உங்கள் டூல் பாக்ஸ் மாதிரி. தேவை இல்லையென்றால் வீட்டில், தேவை என்றால் பக்கத்தில்.

அங்கே வந்து நான் என்ன செய்வேன்? பகல் முழுக்க இரண்டு ஜன்னல் உள்ள அறையில், பாஷை தெரியாமல், ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன். காத்திருந்த காலம் எனக்குப் போதும்.

நானும் நர்ஸம்மாவும் ஜூலை 19 அன்று வேறு ஒரு டூருக்குக் கிளம்புகிறோம். போன மாதமே பதிவு செய்துவிட்டேன். பத்து நாள். நீங்கள் அந்த ஊரிலேயே ஒரு வருஷம் இருப்பது என்றால் இருங்கள். தடுக்க மாட்டேன். ஆனால் திரும்பி வந்ததும் நான் வீட்டைப் பூட்டிவிட்டு மகள் ஊருக்கே போய்விடுவேன். கோபத்தில் சொல்வதாக நினைக்காதீர்கள். கோபத்தில் என்றால் நான் எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். பூட்டின வீட்டுக்கு ஒரு வருஷம் கழித்து நீங்கள் வந்தால், அதற்கு மேல் அவரவர் வழி.

முடிவு உங்களுடையது. என்னுடையதைச் சொல்லிவிட்டேன்.

*

ஜூலை 2

ராங்கி,

கீழே கையெழுத்தே போடாமல் அனுப்பியிருந்தாய். அதைத்தான் முதலில் பார்த்தேன்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. நல்லது சொன்னால் இப்படியா என்று. இரண்டு நாள் மனசுக்குள்ளேயே உன்னோடு சண்டை போட்டேன். அதில் நான்தான் ஜெயித்தேன், எதிரில் ஆள் இல்லையே. மூன்றாம் நாள் குழியில் ஒன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, உனக்கு நான் எழுதினது வரி வரியாக நினைவுக்கு வந்தது. அவ்வளவு மெதுவாக எழுதுகிறவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கும். தேடிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கினதும் எஞ்சினீயர் தம்பியிடம் போனேன்.

"தம்பி, அந்த ஒரு வருஷ வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

"என்ன பெரியவரே, சரின்னு சொன்னீங்களே? நான் மேல சொல்லிட்டேனே!"

"சொன்னேன். வீட்ல கேக்காம சொல்லிட்டேன்."

"இந்த வயசுலயுமா வீட்ல கேக்கணும்?"

"இந்த வயசுலதான் தம்பி ஆரம்பிச்சிருக்கேன்."

அவருக்கு வருத்தம்தான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெல்டர்தான் என் முதுகில் தட்டினான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு வருத்தம் இருக்கிறது. இந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. தெரியாத தெருவில் போவது, வழி தப்புவது, வேறு பக்கமாக வந்து சேர்வது, எல்லாம் பிடித்திருந்தது. கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று டவருக்கு இன்னொரு தடவை போனேன். ஆறு இடது பக்கம் வளைகிறது. கூரையெல்லாம் செங்கல் நிறம், நடுவில் ஒன்று மட்டும் பச்சை. அந்த மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, பார்க்கப் போகவும் இல்லை. மேலே எல்லோரும் எதைப் பார்த்துக் கையை நீட்டுகிறார்கள் என்று கவனித்தேன். அவரவர் இறங்கியிருக்கிற விடுதியை. அவ்வளவு தூரம் வந்து, ஏறி, தங்கள் ஜன்னலைத்தான் தேடுகிறார்கள்.

இன்னும் சில நாளில் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிடும். ஜூலை 21 அன்று வீட்டுக்கு வந்துவிடுவேன். நீ 19 அன்று கிளம்புகிறாய். இப்போது கேட்கிறேன், கேட்கத்தான் செய்கிறேன்: அந்த பஸ்ஸில் இடம் இருக்குமா? நர்ஸம்மாவை உன் பக்கத்துச் சீட்டிலிருந்து எழுப்ப வேண்டாம். பின் சீட்டு போதும். இரண்டு நாள் பிந்தினாலும் வழியில் வந்து ஏறிக்கொள்வேன். நான் வருவது உனக்கு இஷ்டமா?

உன் வீட்டுக்காரன்

*

ஜூலை 11

உங்களுக்கு,

இடம் இல்லை. டூர்க்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். டிரைவர் பக்கத்தில் இருக்கிற பலகையைக்கூடக் கேட்டேன். அதில் உதவியாளர் உட்காருவாராம்.

இருந்திருந்தால் வரச் சொல்லியிருப்பேனா என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன். ஆனால் இல்லை என்றதும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்தக் குதிரை லாரி மாதிரி ஏதாவது வந்தால் நீங்கள் அதன் அச்சாணியைப் பார்க்கக் குனிவீர்கள்.

அதனால் நீங்கள் வீட்டுக்கு வந்து இருங்கள். சாவி பக்கத்து வீட்டம்மாவிடம். கடைசி நாலு நாள் நாங்கள் ஒரே விடுதியில் தங்குகிறோம், முகவரி இதோடு இருக்கிறது. அங்கே எழுதுங்கள்.

எது எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதாதீர்கள். சர்க்கரை எங்கே, தலையணை உறை எங்கே என்று போன் செய்யாதீர்கள். தேடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் இந்த வீட்டுக்கு வருவீர்கள், சாப்பிடுவீர்கள், தூங்குவீர்கள், அடுத்த ஊருக்குப் போவீர்கள். இந்த வீட்டையும் நீங்கள் சரியாகச் சுற்றிப் பார்த்ததில்லை. எட்டு நாள் இருக்கிறது. பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

ராங்கி

*

ஜூலை 24

ராங்கி,

வந்து சேர்ந்தேன். பக்கத்து வீட்டம்மா சாவியைக் கொடுத்துக்கொண்டே, "வாங்க, வாங்க. டிக்கெட் எடுத்துட்டீங்களா, உள்ள போயி சுத்திப் பாக்க?" என்றாள். நீ எல்லாவற்றையும் படித்துக் காட்டியிருக்கிறாய்.

முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, வாசலைப் பார்த்து, கைவைக்கும் இடம் வழவழவென்று தேய்ந்து. உன் நாற்காலி எது என்று தேடினேன். இரண்டு நாளாகத் தேடுகிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

சர்க்கரை கிடைத்துவிட்டது. உப்பு என்று நினைத்துத் திறந்த டப்பாவில் இருந்தது.

இன்று சமையலறையைப் பார்த்தேன். உலை வைத்துவிட்டு நீ நிற்கிற இடத்தில் நின்றேன். முகத்துக்கு நேரே சுவர். கையை நீட்ட வேண்டியதே இல்லை, மூச்சே அதில் பட்டுத் திரும்புகிறது. உன் முக உயரத்துக்கு ஆவி பட்டு மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கிறது. என் நெஞ்சு உயரம் வருகிறது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தேன். அதில் தெரு முழுக்கத் தெரிகிறது! எனக்குத் தெரியவே தெரியாது. ஒருவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார், முன் பக்கம் ஒரு பிள்ளை, பின் பக்கம் ஒரு பிள்ளை ஆளுக்கொரு நுனியில் தொங்கிக்கொண்டு. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று தலை சீவுகிறார். பார்த்துக்கொண்டே நின்றதில் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அடுப்பைச் சுத்தம் செய்தபோது அளவெடுத்தேன். காஸ் குழாயைக் கொஞ்சம் நீட்டினால் போதும், அடுப்பை ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோகலாம். ஒரு நாள் வேலை. நீ வருவதற்குள் முடித்து வைத்து உன்னை அசத்திவிட வேண்டும் என்று கை பரபரத்தது. ஸ்பானரை எடுத்துக் குழாயில் மாட்டிவிட்டேன்.

அப்புறம் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அடுப்பு எங்கே இருந்தால் உனக்குப் பிடிக்கும்? ஜன்னல் பக்கமா, வேறு எங்காவதா? இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றாலும் சரிதான். நீ சொல்கிறவரை நான் தொடவில்லை.

உன் வீட்டுக்காரன்